காரணம் சொல்லாமல் ஃபார்மேட் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே கணினி வைத்துத் தமிழ் டைப்பிங் செய்து கொடுப்பவள் நான். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், திருவிழா நோட்டீஸ், சிதம்பரத்திலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கொண்டுவரும் ஆய்வேடு, எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். கணினி நின்றால் எனக்கு அன்றைய வருமானம் நிற்கும். எங்கள் தெருவில் பல வீடுகளில் கணினி இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம், பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் ஓய்வூதிய வேலை எல்லாம் அதில்தான். அதனால் நான் எழுதுவது என் ஒருத்தியின் குறை மட்டும் அல்ல.

"கம்ப்யூட்டர் அடிக்கடி தானா ஆஃப் ஆகுது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மேட் போடணும்" என்பதுதான். ஏன் ஆஃப் ஆகிறது, எப்போது ஆகிறது, அப்போது திரையில் என்ன தெரிந்தது என்ற கேள்வியே வருவதில்லை. பொறுமையாகப் பார்த்துச் செய்யும் நல்ல மெக்கானிக்குகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காரணம் தேடாமல் எல்லாவற்றையும் அழிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அது நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கணினி வேலை நடுவில் பட்டென்று அணையும், உடனே தானாகவே ஆன் ஆகும். விண்டோஸ் கோளாறில் நிற்கும்போது காட்டும் நீலத்திரை வராது, எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "இங்க நல்லாத்தான் ஓடுது, விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும்" என்று ஃபார்மேட் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதே கதை. மறுபடி கொண்டுபோனபோது, "மதர்போர்டு போயிருக்கும், இந்த மாடலுக்குப் போர்டு கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க அக்கா" என்றார்கள்.

கடையில் நன்றாக ஓடுகிற ஒன்று வீட்டில் ஓடவில்லை என்றால் சந்தேகம் முதலில் வீட்டுக் கரண்ட் மேல் அல்லவா போகவேண்டும்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. கணினி அணையும் ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்தேன். அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன ஓடியது, ட்யூப்லைட் மினுக்கியதா என்பதையும் சேர்த்து எழுதினேன். சீக்கிரமே ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலையிலும் சாயங்காலமும்தான் அணைகிறது. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரம் அது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் என் அறை விளக்கு சற்று மங்கித் திரும்பும், கணினியும் அப்போதே போகும்.

எங்கள் தெருவில் வயரிங் வேலை செய்யும் அண்ணனைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "யுபிஎஸ்ஸைக் கழட்டிட்டு நேரா சுவத்துல குடும்மா, மோட்டார் போடச் சொல்லிப் பார்ப்போம்" என்றார். அப்படியே செய்தோம். மோட்டார் ஓடியது, கணினியும் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனால் கணினியைச் சற்று நேரம் ஓட்டுவதற்காக வைத்த அந்த யுபிஎஸ்ஸுக்குள் இருந்த பேட்டரியில்தான் கோளாறு.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசைப்படுகிறேன், பல வீடுகளில் இதே நிலைமை இருக்கும். வீட்டுக்கு நாம் வாங்கும் சின்ன யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். நம் ஊர் வெயிலுக்கும் மின்தடைக்கும் அது இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். ஆனாலும் பல யுபிஎஸ்களில் கரண்ட் இருக்கும்வரை பச்சை விளக்கு எரியும், கணினிக்கும் மின்சாரம் போகும், பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். யுபிஎஸ் உடனே "கரண்ட் போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறும். தண்ணீரில்லாத மேல்தொட்டியின் குழாயைத் திறந்த மாதிரி, அங்கிருந்து ஒன்றும் வராது. கணினி அணைந்துவிடும். அடுத்த நொடி வோல்டேஜ் சரியானதும் மறுபடி கிளம்பும். நேரடியாகச் சுவரில் கொடுத்திருந்தால் அந்தச் சின்ன இறக்கத்தை எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, தானே தாங்கியிருக்கும். நல்ல நிலையில் இருக்கிற எஸ்எம்பிஎஸ், மின்சாரம் அடியோடு போனாலும் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமாவது தன் கெப்பாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தை வைத்து ஓட்டும். பாதுகாப்புக்கு வைத்த பெட்டியே வினையாக இருந்தது.

யுபிஎஸ்ஸைச் சோதிப்பது சுலபம். கணினியை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு அதன் வயரை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். யுபிஎஸ்ஸில் ஒரு டேபிள் லாம்ப்பை மட்டும் மாட்டி எரியவிட்டு, சுவர் ஸ்விட்சை அணையுங்கள். லாம்ப் சில நிமிடமாவது எரிய வேண்டும். உடனே அணைந்தால் பேட்டரிதான் போயிருக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்றலாம், பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழித்தும் கொள்வார்கள். எனக்கு அத்துடன் பிரச்சினை தீர்ந்தது. போயிருக்கும் என்று சொன்ன அந்த மதர்போர்டில்தான் இந்தக் கடிதத்தையும் அடிக்கிறேன்.

அந்த அண்ணன் அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தார். எங்கள் மெயின் போர்டில் ஃபியூஸ் கேரியரின் பித்தளை முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இது கடலோர ஊருக்கே உரிய தொல்லை. உப்பும் ஈரமும் கலந்த காற்று செம்பையும் பித்தளையையும் அரித்துக்கொண்டே இருக்கும். இணைப்பு இளகினால் மோட்டார் மாதிரி பெரிய பளு ஏறும்போது வோல்டேஜ் அதிகமாகவே இறங்கும், அந்த இடம் சூடாகி எரிந்தும் போகலாம். வீட்டுக்குள் இருக்கும் இணைப்பை எலெக்ட்ரீஷியன் சரிசெய்வார். மீட்டருக்கு அந்தப் பக்கம் என்றால் மின்வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் லோ வோல்டேஜ் புகாரும் பதிவு செய்துகொள்கிறார்கள். கணினி அணைவதற்கு மின்வாரியத்தில் புகாரா என்று யாரும் தயங்க வேண்டாம். பக்கத்து வீட்டு விளக்கும் சேர்ந்து மங்குகிறது என்றால் அது நம் வீட்டுக் கோளாறே அல்ல.

எர்த்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேபினெட்டின் இரும்புப் பகுதியை வெறுங்காலோடு தொடும்போது சுருக்கென்று இழுக்கிறது என்று பலர் சொல்வார்கள், சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். எர்த் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்னிரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த் முனையோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு மின்சாரம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட்டின் மேலேயே மெயின் வோல்டேஜில் பாதியளவு நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்ற உணர்வோடு போகிறது. ஆனால் வேறு கோளாறு வந்து உள்ளே வயர் கேபினெட்டில் பட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னைப் பயன்படுத்தாமல் இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டுக் கணினி ஓட்டுவதை எத்தனையோ வீட்டில் பார்க்கிறேன். ஸ்பைக் பஸ்டர் வாங்கி வைத்திருக்கிறோம் என்பார்கள். எர்த் இல்லாத வீட்டில் அது பாதி வேலைகூடச் செய்யாது.

சரி, எல்லா வீட்டிலும் கரண்ட்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அணைவது எப்படி அணைகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். எச்சரிக்கையே இல்லாமல் பட்டென்று போனால் முதலில் மின்சாரத்தையும் சூட்டையும் சந்தேகப்பட வேண்டும். திரை அப்படியே உறைந்து, மவுஸ் நகராமல், ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். நீலத்திரை வந்தால் அதில் ஒரு குறியீடு இருக்கும், விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பில் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது. அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் கணினியின் தற்காலிக நினைவகமான ராமைச் சோதிக்க வேண்டும், 'வியா அன்கரெக்டபிள் எரர்' என்று வந்தால் ஏதோ ஒரு வன்பொருள் கோளாறு சொல்கிறது. ஏதாவது ஒரு டிரைவர் கோப்பின் (ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) பெயர் அதில் தெரிந்தால் அதை நேராகத் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் நீலத்திரை வந்தும் நம் கண்ணில் படாமல் போக வாய்ப்பு உண்டு. கோளாறு வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸை அமைத்திருக்கிறார்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் சிறு பெட்டியில் sysdm.cpl என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு சாளரம் வரும். அதில் அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி' செட்டிங்ஸுக்குள் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை திரை நிற்கும், படிக்க முடியும்.

விண்டோஸே ஒரு நாட்குறிப்பு எழுதிவைக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் ஒரு வரைபடம் திறக்கும். எந்த நாளில் எது கெட்டது என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக் காட்டும். ஒரு புது மென்பொருளோ டிரைவரோ ஏற்றிய நாளிலிருந்து சிவப்பு ஆரம்பிக்கிறது என்றால் அதை நீக்கிப் பார்க்கலாம், முழுக்க அழிக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்னும் உள்ளே போகிறவர்கள் 'ஈவென்ட் வியூவர்' பார்க்கலாம். அங்கே 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு அடிக்கடி தெரியும். பலர் அதையே நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் கணினி மறுபடி கிளம்பியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அதில் 'பக் செக்' எண் பூஜ்யமாக இருந்தால் நீலத்திரைக் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம், கரண்ட் பக்கம் பார்வை திரும்ப வேண்டும். என் கணினியில் அப்படித்தான் வரிசையாகப் பூஜ்யம். ஃபார்மேட் போட்டபோது அந்தச் சாட்சியமும் சேர்ந்து அழிந்தது, பிறகு புதிதாகச் சேர்ந்ததில்தான் நான் இதைப் பார்த்தேன்.

ராம் விஷயம் நம் கடலோரத்துக்கு முக்கியம். ராமின் விளிம்பில் தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் இருக்கும். முலாம் மிக மெல்லியது. தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கம் இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று நேராக அடிக்கிறது, நாளடைவில் அந்தத் தொடுமுனைகளில் அழுக்கும் அரிப்பும் ஏறி இணைப்பு விட்டுவிட்டு வரும். கணினியை அணைத்து, பவர் வயரை முழுக்கக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்சாரத்தையும் இறக்கிவிட்டு, ராமை எடுத்து மென்மையான ரப்பரால் தொடுமுனையை லேசாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டுத் திரும்பப் பொருத்தினாலே பல கணினிகள் சரியாகிவிடுகின்றன. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்தால் எது கெட்டது என்று தெரியும். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். அதில் சந்தேகம் இருந்தால் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் முறை. மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் 12 வோல்ட் வழியில் 11.4-க்குக் கீழே இறங்குகிறதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சூடு அடுத்தது. அக்னி நட்சத்திர நாளில் மத்தியானம் மட்டும் அணைகிறது, காலையில் நன்றாக ஓடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். ப்ராசசர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். கணினி மேசையின் மூடிய அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைப்பது நம் வீடுகளில் பழக்கம். சூடான காற்று வெளியே போக வழியே கிடையாது. ஃபேனில் தூசி அடைத்து, ப்ராசசர் மேல் தடவிய பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். தூசி எடுத்து, பேஸ்ட்டைப் புதுப்பித்து, கேபினெட்டை வெளியே இழுத்து வைத்தால் தீரும். மேசையின் அடியில் சமையலறைக் காற்று வருகிறது என்றால் தூசியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக்கென்று சத்தம் வந்தாலோ, கோப்பு திறக்கவே நெடுநேரம் ஆனாலோ, வேறு எந்தச் சோதனைக்கும் முன்னால் தேவையானதை வெளியே நகல் எடுத்துவிட வேண்டும். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையை நீலம், மஞ்சள், சிவப்பாகக் காட்டும். மஞ்சள் வந்த டிஸ்க்கில் ஃபார்மேட் போட்டுப் புது விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதற்குச் சமம். சில வாரத்தில் அது நின்றுவிடும், மறுபடி கூலி. வைரஸைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

ஃபார்மேட் போடுவதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு நஷ்டம் இரண்டு மடங்கு. என் கணினியில் பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் நிறைய. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். ஒரு சொல்கூட வாசிக்க முடியாது. ஃபார்மேட் போட்டால் எழுத்துரு போகும், விசைப்பலகை அமைப்பு போகும், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் போகும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதன் சிடி இன்றைக்கு எத்தனை பேர் கையில் இருக்கிறது? கடைக்காரர் 'டி டிரைவைத் தொடவில்லை, உங்க ஃபைல் எல்லாம் பத்திரம்' என்பார். டெஸ்க்டாப்பிலும் டாகுமென்ட்ஸிலும் வைத்தவை சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது வீட்டில் கணினி பார்க்கும் பலருக்குத் தெரியாது.

என்னிடம் ஒரு பெரியவர் அப்பர் பெருமான் கல்லோடு கரையேறிய வரலாற்றையும் நம் பாடலீசுவரர் கோயில் செய்திகளையும் கையால் எழுதிக்கொண்டு வந்து கொடுத்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். அந்த வேலை டெஸ்க்டாப்பில் இருந்தது, முதல் ஃபார்மேட்டிலேயே போய்விட்டது. "பரவாயில்லம்மா, நோட்டு இருக்கு" என்று அவர் மறுபடி கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்திய திருத்தங்கள் நோட்டில் இல்லை. கடையில், "சி டிரைவில் வேலை ஏதாவது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காசு ஆகாது. இதை நினைக்கும்போது இன்றைக்கும் மனசு வேகிறது.

உலகமே பார்த்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய முடக்கத்துக்குச் சொல்லப்பட்ட தீர்வு என்ன? அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் கிளம்பும் சேஃப் மோடில் போய், பிழையான அந்தக் கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், அதை மட்டும் நீக்கினார்கள். உள்ளே இருந்த தகவல்களை அழிக்கச் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களின் கணினிக்குக் கிடைக்கும் அந்தப் பொறுமை வீட்டுக் கணினிக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா?

இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, அதான் ஆஃப் ஆகுது, புது சிஸ்டம் வாங்குங்க" என்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது உண்மை. அதன் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் வராது, அதனால் வங்கி வேலையை அதில் செய்யாமல் இருப்பது நல்லது. அது வேறு விஷயம். ஆதரவு முடிந்துவிட்டது என்பதற்காக ஒரு கணினி பட்டென்று அணையாது. அணைகிறது என்றால் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது, புதுக் கணினி வாங்கி அதே இடத்தில் அதே செத்த யுபிஎஸ்ஸில் மாட்டினால் அதுவும் அணையும். ஐம்பதாயிரம் ரூபாய் செலவு செய்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது யாருக்கு வேண்டும்?

சர்வீஸ் கடைக்காரர்களிடம் என் கோரிக்கை பெரிதல்ல. கணினியை வாங்கும்போது எப்போது, எப்படி அணைகிறது என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபார்மேட் போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், சி டிரைவில் இருப்பதை நகல் எடுத்துக் கொடுங்கள், அதற்குத் தனிக் கூலி கேட்டாலும் தருவோம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கையில் கொடுங்கள். பில்லில் என்ன கோளாறு, எதனால் என்று ஒரு வரி எழுதுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், பார்த்த நேரத்துக்கு உரிய கூலியை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

வாசகர்களும் பில் கேட்டு வாங்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த வேலைக்குப் பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்று சொல்கிறது. பில் இருந்தால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசவும் பிடி இருக்கும். அதிலும் தீரவில்லை என்றால் நம் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமே கிடையாது. வீட்டுக் கணினிக்கு இது தாராளமாகப் போதும். சண்டை போடச் சொல்லவில்லை. கேட்கிற வாடிக்கையாளர் இருக்கிறார் என்று தெரிந்தாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

மழைக்காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று. தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்தபோதும், 2024-ல் ஃபெஞ்சல் வந்து பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் இங்கே இருந்தவர்களுக்கு மின்சாரம் போவதைவிடத் திரும்பி வரும்போதுதான் ஆபத்து அதிகம் என்று தெரியும். பல நாள் கழித்து லைன் ஏறும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். அப்போது கணினி, யுபிஎஸ், இணைய மோடம் மூன்றின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருக்க வேண்டும், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. கரண்ட் வந்து சற்று நேரம் விளக்குகள் சீராக எரிவதைப் பார்த்துவிட்டு மாட்டலாம். வெள்ளநீர் பட்ட கேபினெட்டை அவசரப்பட்டு ஆன் செய்யக் கூடாது. நனைந்தது பெரும்பாலும் மின்சாரம் பாய்ந்த பிறகுதான் நிரந்தரமாகக் கெடுகிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியே எடுத்துக்கொண்டு, மற்றதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழில் வேலைவாய்ப்புக்கும் ஆன்மிகத்துக்கும் மருத்துவத்துக்கும் தனித்தனிப் பக்கம் வருகிறது, எங்கள் வீட்டில் போட்டி போட்டுக்கொண்டு படிக்கிறோம். வாரம் ஒரு நாள் கால் பக்கம், வீட்டுக் கணினியின் கோளாறுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர்கள் தங்கள் கணினியின் கோளாறை எழுதி அனுப்பட்டும், விஷயம் தெரிந்த ஒருவர் பதில் சொல்லட்டும். கடலூர், புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று கடலோரத்தில் இருப்பவர்களின் தொல்லை ஓசூர்க்காரருடையது போல இருக்காது, அதையும் கருத்தில் கொள்ள வேண்டும். எங்கள் ஊர் பாலிடெக்னிக், ஐடிஐ பிள்ளைகளை வைத்து வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒரு நாள் இலவச யுபிஎஸ், எர்த் சோதனை முகாம் நடத்த யாராவது முன்வந்தால், சீட்டு எழுதுவதற்கும் அறிவிப்பு அடித்துக் கொடுப்பதற்கும் நான் வருகிறேன்.

என் பெயரும் முழு முகவரியும் தங்கள் அலுவலகப் பார்வைக்காகத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அச்சில் வேண்டாம். கடிதம் நீளம் என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள். யுபிஎஸ் பற்றியும் ஃபார்மேட் பற்றியும் எழுதியிருக்கும் பகுதிகளை மட்டும் விடாமல் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.